கட்டண வி.பி.என். வாங்கலாமா? யாரிடமிருந்து எதை மறைக்கப் போகிறோம்?

"மாமா, இத வாங்கலாமா? சீக்கிரம் சொல்லுங்க. ஆஃபர் இன்னும் நாப்பது நிமிஷத்துல முடியுது."

அக்காள் மகள் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு மாணவி. ஞாயிற்றுக்கிழமை மாலை ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் தே தாரேக் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் நீட்டிய கைப்பேசித் திரையில் ஒரு வி.பி.என். நிறுவனத்தின் விற்பனைப் பக்கம். இரண்டு ஆண்டுச் சந்தா, 70 விழுக்காடு தள்ளுபடி. மேலே சிவப்பு எழுத்தில் நொடிக்கு நொடி குறைந்துகொண்டே வரும் கடிகாரம். நம் பணத்தில் கணக்குப் போட்டால் முந்நூறு ரிங்கிட்டைத் தாண்டியது. வி.பி.என். இல்லாமல் பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறப்பது வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதற்குச் சமம் என்று அவளுக்குப் பிடித்த யூடியூபர் ஒருவர் சொல்லியிருக்கிறாராம்.

நான் பகலில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். வார இறுதியில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குக் கணினிப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் "எந்த மடிக்கணினி வாங்கலாம் சார்?" என்று கேட்டவர்கள் இப்போது "எந்த வி.பி.என். நல்லது சார்?" என்று கேட்கிறார்கள். விளம்பரம் மட்டும் இதற்குக் காரணமில்லை. நம் நாட்டில் இரண்டு ஆண்டுகளாக இணையத்தைச் சுற்றி நடப்பவையும் காரணம். அதனால் இந்தக் கேள்வியைச் சிரித்துவிட்டு ஒதுக்க முடியாது.

அவளிடம் திருப்பிக் கேட்டேன். "யாருகிட்டேருந்து எதை மறைக்கப் போற?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எல்லாரும் வாங்குறாங்க மாமா" என்றாள்.

எந்தச் செயலியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன்பு அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். பதில் இல்லை என்றால் முந்நூறு ரிங்கிட் வீண். பதில் இருந்தால், சில சமயம் அது முந்நூறு ரிங்கிட்டைவிடப் பெரிய விஷயமாக இருக்கும்.

உறைக்குள் உறை

வி.பி.என். என்ன செய்கிறது என்பதை லிட்டில் இந்தியாவில் வைத்தே விளக்கலாம். நீங்கள் அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புகிறீர்கள். உறை ஒட்டியிருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தபால்காரருக்குத் தெரியாது. ஆனால் யாருக்குப் போகிறது என்று முகவரியைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். இன்றைய இணையம் இப்படித்தான் இருக்கிறது. உலாவியில் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்கும் தளங்கள் ஒட்டிய உறை மாதிரி. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது உங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியும். அங்கே என்ன படித்தீர்கள், என்ன கடவுச்சொல் தட்டினீர்கள் என்பது தெரியாது.

இப்போது அந்தக் கடிதத்தை இன்னோர் உறைக்குள் வைத்து, வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பும் ஒரு முகவரிடம் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் பார்ப்பது முகவரின் பெயரை மட்டும்தான். முகவர் வெளி உறையைப் பிரித்து, உள் உறையில் உள்ள முகவரிக்கு அனுப்பிவைப்பார். பெறுபவருக்கும் கடிதம் முகவரிடமிருந்து வந்ததாகத்தான் தெரியும். வி.பி.என். அந்த முகவர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தபால்காரர் முன்பு பார்த்ததையெல்லாம் இப்போது முகவர் பார்க்கிறார். வேவு பார்க்கக்கூடிய இடம் காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த, இந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு நிறுவனத்திடமிருந்து, பெரும்பாலும் நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு நாட்டில் பதிவான இன்னொரு நிறுவனத்திடம் நம்பிக்கையை மாற்றி வைக்கிறீர்கள். அப்படி மாற்றுவது சில நேரம் புத்திசாலித்தனம். எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி.

அந்த செப்டம்பர் வார இறுதி

மலேசியாவில் இந்தக் கேள்வி சூடுபிடித்தது 2024 செப்டம்பரில். அதன் பின்னணியைத் தெரிந்துகொள்ள டி.என்.எஸ். என்பதைப் பற்றி ஒரு வரி. நீங்கள் தட்டும் தளப் பெயரைக் கணினிக்குப் புரியும் எண்ணாக மாற்றித் தரும் தொலைபேசிப் புத்தகம் அது. பொதுவாக உங்கள் இணையச் சேவை நிறுவனமே ஒரு புத்தகம் வைத்திருக்கும். அரசு ஒரு தளத்தைத் தடை செய்தால், பெரும்பாலும் அந்தப் புத்தகத்தில் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள். அவ்வளவுதான்.

1எம்டிபி விவகாரத்தை எழுதிய 'சரவாக் ரிப்போர்ட்' தளம் 2015 ஜூலையில் தடை செய்யப்பட்டது. அதன் கட்டுரைகளைத் தாங்கியிருந்ததற்காக 2016 ஜனவரியில் 'மீடியம்' தளமும் முடக்கப்பட்டது. 2018 மே பொதுத்தேர்தலில் ஆட்சி மாறிய பிறகுதான் அந்தத் தடைகள் நீங்கின. இடைப்பட்ட காலத்தில் படிக்க விரும்பியவர்கள் என்ன செய்தார்கள்? பலர் காசு கொடுத்து வி.பி.என். வாங்கவில்லை. கைப்பேசி அமைப்பில் சேவை நிறுவனத்தின் டி.என்.எஸ்.க்குப் பதிலாக கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணைப் போட்டார்கள். 2018 ஏப்ரலுக்குப் பிறகு கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்ற எண்ணும் வந்தது. வேறு ஒருவரின் தொலைபேசிப் புத்தகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். செலவு ஒரு சென்கூட இல்லை.

2024 செப்டம்பர் முதல் வாரத்தில் மேக்சிஸ், டைம் வாடிக்கையாளர்கள் சிலர் ஒரு மாற்றத்தைக் கவனித்தார்கள். கூகுள் புத்தகத்தைக் கேட்டால், பதில் கூகுளிடமிருந்து வரவில்லை. நடுவழியிலேயே கேள்வி திருப்பிவிடப்பட்டு, சேவை நிறுவனத்தின் புத்தகமே பதில் சொன்னது. கோலாலம்பூரில் இயங்கும் சினார் புரோஜெக்ட் என்ற அமைப்பு இதைச் சோதித்து வெளியிட்டது. செப்டம்பர் 7-ஆம் தேதி மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் விளக்கம் தந்தது. தீங்கான தளங்களிலிருந்து மக்களைக் காப்பதே நோக்கம், முறையான தளங்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்றது. 2018 முதல் 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 தளங்களை முடக்கியிருப்பதாகவும் சொன்னது. அவற்றில் 39 விழுக்காடு இணையச் சூதாட்டம், 31 விழுக்காடு ஆபாசம், 14 விழுக்காடு பதிப்புரிமை மீறல்.

சூதாட்டத் தளங்களால் குடும்பங்கள் சீரழிவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தத் தளங்களுக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் எதிர்த்தவர்களின் கேள்வி வேறு. இன்று அந்தப் பட்டியலில் சூதாட்டம் இருக்கிறது. பட்டியலில் எது சேர்கிறது என்று யார் முடிவு செய்வது? தவறாகச் சேர்த்துவிட்டால் யாரிடம் முறையிடுவது? 'சரவாக் ரிப்போர்ட்'டும் ஒரு காலத்தில் இதே மாதிரிப் பட்டியலில்தானே இருந்தது? தொழில்நுட்பத் துறையினருக்கு இன்னொரு கவலை. கேள்வி ஒருவரிடம் போக, பதில் வேறொருவரிடமிருந்து அவர் பெயரில் வந்தால், அந்த அமைப்பை எப்படி நம்பித் தொழில் செய்வது?

தொழில் செய்பவர்கள், கணினி வல்லுநர்கள், அரசியல்வாதிகள் என்று பலரும் அந்த இரண்டு மூன்று நாட்களில் வெளிப்படையாகப் பேசினார்கள். செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, அத்திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்தைக் கேட்டுக்கொண்டதாகத் தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அறிவித்தார்.

அந்தச் சனி, ஞாயிறில் என் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வகைச் செய்திகள் ஓடின. "எந்த வி.பி.என். மலிவு?" என்பது ஒன்று. "இது ஏன் நடக்கிறது, யாரைக் கேட்பது?" என்பது மற்றொன்று. முதல் வகையினரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அன்று இரண்டு நிறுவனங்களின் விலையைப் பார்த்தேன். ஆனால் வி.பி.என். வாங்கியிருந்தால் எனக்கு மட்டும்தான் வழி கிடைத்திருக்கும். மாதம் இருபது ரிங்கிட் கொடுக்க முடியாத என் மாணவனுக்கு, கைப்பேசி அமைப்பை மாற்றத் தெரியாத என் அம்மாவுக்கு எதுவும் மாறியிருக்காது. திருப்பிவிடும் திட்டம் நின்றதால் கட்டணம் கட்டாதவர்களுக்கும் பழைய நிலை திரும்பியது.

இதே கதை இலங்கையில் இன்னும் கூர்மையாக நடந்தது. பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின்போது, 2022 ஏப்ரல் 3 அன்று அரசு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் உள்ளிட்டவற்றை முடக்கியது. அப்போது அமைச்சராக இருந்த, பிரதமரின் மகன் நாமல் ராஜபக்சவே, தாம் வி.பி.என். வழியாகத்தான் வந்திருப்பதாகவும் இப்படிப்பட்ட தடைகளால் பயனில்லை என்றும் டுவிட்டரில் எழுதினார். அன்றே, ஏறத்தாழ 16 மணி நேரத்தில், தடை விலக்கப்பட்டது. சட்டம் போடுபவர் வீட்டிலேயே சுரங்கப்பாதை இருந்தால் அந்தச் சட்டத்தைப் பற்றி என்ன சொல்வது!

பழைய பயம்

சரி, யூடியூபர் சொன்ன பொது வைஃபைக்கு வருவோம். விளம்பரங்களில் அதிகம் விற்கப்படும் பயம் இதுதான். அது முழுப் பொய் இல்லை, பழைய உண்மை. 2010 அக்டோபரில் 'ஃபயர்ஷீப்' என்ற சிறிய கருவி வெளிவந்தது. காப்பிக் கடையில் உட்கார்ந்து, அதே வைஃபையில் இருக்கும் அடுத்த மேசைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழைய முடியும் என்று அது காட்டியது. அப்போது பெரும்பாலான தளங்கள் உள்நுழைவுப் பக்கத்துக்கு மட்டும் உறை ஒட்டின. மற்றதெல்லாம் அஞ்சலட்டை மாதிரி திறந்தே போனது.

அதன் பிறகு இணையம் மாறிவிட்டது. ஃபேஸ்புக் 2013-இல் எல்லாருக்கும் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று ஆக்கியது. 2015 இறுதியில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு அந்தப் பாதுகாப்புச் சான்றிதழை எந்தத் தளத்துக்கும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. இன்று உங்கள் வங்கிச் செயலி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாமே உறை ஒட்டித்தான் போகின்றன. கொம்தாரிலோ படகுத்துறையிலோ நாசி கண்டார் கடையிலோ வைஃபையில் இணைந்தால், அடுத்த மேசைக்காரரால் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைப் படிக்க முடியாது. பொது வைஃபை பெரும்பாலும் பாதுகாப்பானதே என்று அமெரிக்காவின் பயனீட்டாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்.டி.சி. ஆணையமே இப்போது சொல்கிறது. நோர்ட்விபிஎன் நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று இந்த ஆபத்தை மிகைப்படுத்துகிறது என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2019-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் யூடியூபர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

சான்றிதழ் தவறு என்று உலாவி எச்சரித்தால் அதைத் தாண்டிப் போகாமல் இருந்தால் போதும்.

நம் ஊரில் மக்கள் பணத்தை இழப்பது எப்படி? எங்கள் அடுக்குமாடியில் ஓர் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு திருமண அழைப்பிதழ் வந்தது. தொட்டால் விரியும் என்று ஒரு கோப்பு. அது அழைப்பிதழ் இல்லை, செயலி. நிறுவிய பிறகு அவருடைய குறுஞ்செய்திகளையெல்லாம் அது படித்தது. இரண்டு நாளில் சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. அவர் கைப்பேசியில் உலகத்திலேயே விலை உயர்ந்த வி.பி.என். இருந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? திருடனின் கட்டளை பத்திரமாக உறைக்குள் உறையாகப் போய் வங்கியைச் சேர்ந்திருக்கும்.

2017 அக்டோபரில் 46.2 மில்லியன் மலேசியக் கைப்பேசி எண்கள், பெயர், முகவரி, அடையாள அட்டை எண்ணோடு கசிந்ததை லோயாட்.நெட் வெளிக்கொணர்ந்தது. நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம். அவை உங்கள் இணைப்பிலிருந்து திருடப்பட்டவை அல்ல. சிம் கார்டு வாங்கும்போது நீங்களே கொடுத்தவை. "உங்கள் பெயரில் கைது ஆணை இருக்கிறது" என்று இன்று அழைப்பவனுக்கு உங்கள் முழுப்பெயர் எப்படித் தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கூகுள், டிக்டாக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றிடமிருந்து மறைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முகமூடி போட்டுக்கொண்டு வகுப்பில் நுழைந்து, வருகைப் பதிவேட்டில் சொந்தப் பெயரை எழுதிக் கையொப்பம் போடுவது மாதிரி அது. உள்நுழைந்த பிறகு நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

முகவர் யார்?

விலை கொடுத்து வாங்குவது என்று முடிவானால், முகவரைப் பற்றி விசாரிக்க வேண்டும். "நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை" என்று எல்லா நிறுவனமும் எழுதி வைத்திருக்கிறது. அதை வெளியிலிருந்து சரிபார்ப்பது கடினம். சோதனை வரும்போதுதான் தெரியும். 2017-இல் அமெரிக்காவில் ஒருவரை இணையத்தில் துன்புறுத்தியவனைப் பிடிக்க, பதிவே வைப்பதில்லை என்று விளம்பரம் செய்திருந்த ப்யூர்விபிஎன் தன் பதிவுகளைக் காவல்துறைக்குக் கொடுத்தது. அவன் பிடிபட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் விளம்பரம் பொய் என்பதும் அன்று தெரிந்தது. மாறாக, 2023 ஏப்ரலில் சுவீடன் காவல்துறை முல்வாட் நிறுவனத்தைச் சோதனையிட வந்தபோது, எடுத்துச் செல்ல வாடிக்கையாளர் தகவல் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியது. அந்த நிறுவனம் 2009-இல் தொடங்கிய நாளிலிருந்து மாதம் 5 யூரோ என்ற ஒரே விலைதான். ஆண்டுச் சந்தாவுக்கென்று தள்ளுபடியும் இல்லை, கடிகாரமும் இல்லை.

எது நல்லது என்று தேடினால் வரும் 'சிறந்த பத்து வி.பி.என்.' பட்டியல்களை நம்பலாமா? எக்ஸ்பிரஸ்விபிஎன் நிறுவனத்தை கேப் டெக்னாலஜிஸ் 2021-இல் 936 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. வி.பி.என்.களுக்கு மதிப்பெண் போடும் புகழ்பெற்ற தளங்களை நடத்திவந்த நிறுவனத்தையும் அதே ஆண்டில் கேப் வாங்கியது. மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துகிறான்.

அப்படியானால் இலவசம் பரவாயில்லையா? இங்குதான் மாணவர்களுக்கு உண்மையான ஆபத்து. ஃபேஸ்புக் நிறுவனம் 2013-இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கி, தரவைப் பாதுகாக்கும் இலவச வி.பி.என். என்று அதன் செயலியை வழங்கியது. அதன் வழியாக, மக்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்தது. போட்டியாளராக வளர்ந்துகொண்டிருந்த வாட்ஸ்அப்பின் வளர்ச்சியைக்கூட அந்தத் தரவை வைத்து அளந்திருந்தது 2018-இல் பிரிட்டன் நாடாளுமன்றம் வெளியிட்ட ஆவணங்களில் தெரிந்தது. 2023 ஜூலையில் இதற்காக மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு ஆஸ்திரேலிய நீதிமன்றம் 20 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஹோலா என்ற இலவச வி.பி.என்., தன் பயனர்களின் இணைப்பை வேறு நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டது 2015-இல் அம்பலமானது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்களும் பல்கலைக்கழகங்களும் 2016-இல் 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளைச் சோதித்தார்கள். 38 விழுக்காட்டில் தீங்குநிரலின் அறிகுறி இருந்தது. 18 விழுக்காடு செயலிகள் போக்குவரத்தை மறைக்கவே இல்லை. உறையே இல்லாத முகவர்!

எல்லா இலவசமும் இப்படியில்லை. சுவிட்சர்லாந்தின் புரோட்டோன், கட்டண வாடிக்கையாளர்களின் பணத்தில் ஓர் இலவச அடுக்கை நடத்துகிறது. ஒரே கருவி, நாட்டை நாமே தேர்ந்தெடுக்க முடியாது என்ற கட்டுப்பாடுகள் உண்டு. எப்போதாவது தேவைப்படுபவருக்கு அதுவே போதும். பெயர் தெரியாத, விளம்பரம் ஓடும், கைப்பேசியில் உள்ள தொடர்புப் பட்டியலுக்கெல்லாம் அனுமதி கேட்கும் செயலிகளைப் பற்றித்தான் என் பயம்.

இந்தப் பயத்தை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2025 அமலில் இருக்கிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை விதிக்க அமைச்சரவை முடிவு செய்துள்ளதாக 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தது. ஆஸ்திரேலியா அதே மாதிரித் தடையை 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைப்படுத்தியது. பிரிட்டனில் 2025 ஜூலை 25 அன்று வயதுச் சரிபார்ப்பு கட்டாயமானபோது, வி.பி.என். செயலிகள் பதிவிறக்கப் பட்டியலின் உச்சிக்குப் போயின. தன் பதிவுகள் 1,400 விழுக்காட்டுக்கு மேல் எகிறியதாக புரோட்டோன் சொன்னது. இங்கும் அதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். பதின்மூன்று, பதினான்கு வயதில் கடன் அட்டை இல்லை. எனவே தேடுவது இலவசத்தை. தடையை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்பது தனி விவாதம். எனக்கே இரண்டு மனம். ஆனால் டிக்டாக் பார்ப்பதற்காகக் கைப்பேசியின் முழுப் போக்குவரத்தையும் முகம் தெரியாத ஒருவனிடம் ஒப்படைப்பது, தடை எதைத் தடுக்க வந்ததோ அதைவிட மோசமான பேரம். பெற்றோர்கள் இதைப் படித்தால், திட்டுவதற்கு முன்பு பிள்ளையின் கைப்பேசியில் என்ன செயலி இருக்கிறது என்று சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

யாருக்குத் தேவை?

வி.பி.என். பயன்படுத்துவதே குற்றம் என்று சொல்லும் சட்டம் மலேசியாவில் இல்லை. அதை வைத்துக் குற்றம் செய்தால் குற்றம் குற்றம்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன் வீட்டிலிருந்து நிறுவனக் கணினிக்குள் நுழையப் பயன்படுத்துவதும் வி.பி.என்.தான். அதை நிறுவனமே தரும். நீங்கள் வாங்க வேண்டியதில்லை. அதற்கும் இந்த விளம்பரங்களுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

காசு கொடுத்து வாங்கச் சொல்லி நான் பரிந்துரைப்பது சிலருக்குத்தான். மேற்படிப்புக்குச் சீனா போகும் மாணவர்கள் அதில் முதல். கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் அங்கே சாதாரணமாகத் திறக்காது. வி.பி.என். நிறுவனங்களின் தளங்களும் திறக்காது என்பதால், விமானம் ஏறுவதற்கு முன்பே நிறுவிக்கொள்ள வேண்டும். அங்குள்ள விதிகள் கடுமையானவை. சேரப்போகும் பல்கலைக்கழகத்திலும் அங்கே படிக்கும் மூத்த மாணவர்களிடமும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். இந்தியாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் அங்கே விதி வந்தது. அதன் பிறகு எக்ஸ்பிரஸ்விபிஎன், நோர்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியவை இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை எடுத்துவிட்டன. முகவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அடுத்து, தாம் எந்தத் தளத்தைப் படிக்கிறோம் என்பது சேவை நிறுவனத்துக்கோ, விடுதி வைஃபையை நடத்துபவருக்கோ தெரிந்தால் உண்மையில் பாதிக்கப்படக்கூடியவர்கள். ஊழலைப் பற்றித் தகவல் திரட்டும் மாணவ நிருபர், வீட்டில் சொல்ல முடியாத உடல்நலப் பிரச்சினைக்கு வழி தேடும் பெண். இவர்களிடம் "யாரிடமிருந்து?" என்று கேட்டால் உடனே பதில் வரும்.

வாங்குவதாக இருந்தால் ஒரு மாதத்துக்கு வாங்கிப் பாருங்கள். இரண்டு ஆண்டுச் சந்தாவில் முதல் தவணை மலிவு. புதுப்பிக்கும்போது விலை எகிறும், கடன் அட்டையிலிருந்து தானாகவே போய்விடும். பதிவுபெற்ற வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு.

அன்று மாலை அவள் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அந்த மேசையிலேயே மின்னஞ்சலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டோம். மூன்று இடங்களில் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தாள், மாற்றினோம். கைப்பேசியின் மென்பொருள் நான்கு மாதமாகப் புதுப்பிக்கப்படவில்லை. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையும், வங்கிச் செயலியில் கணக்கை உடனே முடக்கும் 'கில் சுவிட்ச்' எங்கே இருக்கிறது என்பதையும் காட்டினேன். அரை மணி நேரம் ஆனது. தே தாரேக் ஆறிவிட்டது.

அவளுடைய தோழி ஒருத்தி செப்டம்பரில் சீனாவுக்குப் படிக்கப் போகிறாளாம். "அவ வாங்கலாமா மாமா?" என்றாள். வாங்கலாம், ஒரு மாதத்துக்கு, இங்கிருந்தே என்றேன்.

மறுநாள் காலை ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாள். அதே பக்கம், அதே 70 விழுக்காடு. கடிகாரம் மறுபடி 59 நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது.